2022 கடை பில் வைச்சிருக்கிற ஆக்கள் உதவுங்கோ

கிளிநொச்சி அரிசி ஆலைத் தொழிலாளருக்குச் சம்பள உயர்வு கேட்டுக் கடிதம் தயாரிக்கிறம். கணக்கு: பழைய சம்பளம் × இப்போதைய விலைச் சுட்டெண் ÷ அப்போதைய சுட்டெண். விலைச் சுட்டெண் எண்டது பொருட்களின்ர விலை மட்டத்தைக் காட்டுற எண்; நாங்கள் எடுக்கிறது கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண். இரண்டும் 2021=100 தொடரிலயே (2021 விலையை 100 எண்டு வைச்சுக் கணக்கிட்டது) இருக்கவேணும்; 2013 தொடரோட கலந்தால் விடை பிழைக்கும். பணவீக்கம் குறைஞ்சிட்டுதெண்டு முதலாளிமார் சொல்லுவினம். குறைஞ்சது விலை ஏறுகிற வேகம்தான், விலை இல்லை.

ஆனால் கொழும்பு நுகர்வோர் சுட்டெண் கொழும்பு நகரக் குடும்பங்களின்ர செலவு. வன்னியில கூலித் தொழிலாளர் வீட்டில அரிசி, தேங்காய், மண்ணெண்ணெய், பஸ் காசுதான் பெரும்பங்கு. இந்தச் சாமான்களுக்கு இஞ்ச விலை எவ்வளவு ஏறினது எண்டு காட்டத்தான் உங்கட உதவி வேணும்: மாங்குளம், முல்லைத்தீவு, புதுக்குடியிருப்புப் பக்கம் 2022 ஜனவரி பில்லும் இந்த மாத பில்லும் இருந்தால் படமெடுத்துப் போடுங்கோ. நாட்டரிசியோ சம்பாவோ, பால்மா எத்தினை கிராம் எண்டதும் தெரியவேணும். பில் மங்கிப்போனால் கடைக் கடன் கொப்பிப் பக்கமும் காணும்.