மறு: ஸ்பின்லாக் – சுழற்பூட்டா, சுழல்பூட்டா, விழிப்பூட்டா?

வணக்கம். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலில், ஒரே தரவில் இரண்டு பணிகள் ஒரே நேரத்தில் கை வைக்காமல் காப்பவை பூட்டுகள். அந்தப் பூட்டு வகைகள் பற்றிய ஆவணத்தைத் தமிழாக்கக் கை வைத்த நாளிலிருந்து ஸ்பின்லாக் (spinlock) என்ற இந்த ஒரு சொல்லில்தான் நிற்கிறோம். பூட்டு விடுபடும்வரை உறங்காமல் சுழன்றுகொண்டே காத்திருக்க வைக்கும் வகை அது. நம் ஊருக்கு இது புதிதல்ல. 1998-இல் ரூபாய்த் தாளில் தமிழ் இந்திக்குக் கீழே போனதற்குப் புதுத்தாளையே திரும்பப் பெற வைத்த மொரிசியஸ்காரர்கள் ஒரு லகரத்தையா சும்மா விடுவோம்?

> சுழற்பந்து என்கிறோம். ஆகவே சுழற்பூட்டு என்பதே சரி.

ஐயா, அப்படி எழுதினால் 'சுழல்' பெயர்ச்சொல்லாகிவிடும். நமக்கு வேண்டியது வினைத்தொகை. அதில் லகரம் திரியாது. கொல்களிறு கொற்களிறு ஆவதில்லையே.

> பூட்டு எங்கே சுழல்கிறது? எண்ணைத் திருப்பித் திறக்கும் பெட்டிப் பூட்டுதான் ஞாபகம் வருகிறது.

அக்கா கேட்டது நியாயம். பூட்டு சும்மாதான் இருக்கிறது. 'விட்டாயிற்றா, விட்டாயிற்றா' என்று அதே கட்டளைகளில் சுற்றிச் சுற்றி வருவது காத்திருக்கும் சிபியு, அதாவது கணினியின் செயலி. ஆனால் வினைத்தொகையில் பின்னால் வரும் பெயர்தான் அந்த வினையைச் செய்ய வேண்டும் என்று யார் சொன்னது? சுடுகாட்டில் காடா சுடுகிறது? குடிநீர் எதையும் குடிப்பதில்லை. எதன் முன்னால் சுழல்கிறோமோ அது சுழல்பூட்டு. எனக்கு இதில் உறுத்தல் இல்லை.

விழிப்பூட்டு காதுக்கு இனிமை. ஆனால் கண் அதை விழிப்பு + ஊட்டு என்றுதான் பிரிக்கும். டெங்கு ஒழிப்புச் சுவரொட்டி மாதிரி ஆகிவிடும். வேண்டாம்.

உண்மையான சிக்கலை இன்னும் யாரும் தொடவில்லை. குறித்த நேரத்துக்குள் வேலையை முடித்தே தீர வேண்டிய கருவிகளுக்கானது நிகழ்நேரக் கெர்னல். அதற்கான மாற்றங்கள் ஏறக்குறைய இருபது ஆண்டு லினக்ஸின் மூலநிரலுக்கு வெளியே தனியாக வளர்ந்து, 2024-இல் 6.12 பதிப்பில்தான் தேர்ந்தெடுக்கக்கூடிய அமைப்பாக உள்ளே வந்தன. அந்த அமைப்பைத் தேர்ந்தெடுத்துக் கெர்னலைத் தொகுத்தால் ஸ்பின்லாக் சுழன்றுகொண்டே இருப்பதில்லை! பூட்டு கிடைக்காத பணி உறங்கப் போகிறது. சிபியு வேறு வேலைக்குப் போய்விடுகிறது. அவசரப் பணி ஒன்று வந்தால் உடனே இடம் கிடைக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. கட்டாயம் சுழன்றே தீர வேண்டிய இடங்களுக்கு 'ரா ஸ்பின்லாக்' (raw, அதாவது பச்சையான) என்று தனி வகை உண்டு. கெர்னல்காரர்களும் பெயருக்கு மல்லுக்கட்டியவர்கள்தான். அந்த 'ரா' என்ற பெயர் முன்பே ஒரு கீழ்நிலைப் பூட்டிடம் இருந்தது, 2.6.33 பதிப்பில் அதை 'ஆர்ச்' (arch) என்று மாற்றிவிட்டுத்தான் இதற்குக் கொடுத்தார்கள்.

ஆகவே என் முன்மொழிவு: பொதுப்பெயர் சுழல்பூட்டு. நிகழ்நேரத்தில் அது சுழன்றுகொண்டே இருக்காது என்பதை ஆவணம் சொல்லட்டும். மூலப்பெயரே செய்யாத வேலையைத் தமிழ்ப்பெயர் தலையில் கட்ட வேண்டாம். ரா வகைக்கு மெய்ச்சுழல்பூட்டு. 'பச்சை' என்று போட்டால் நிறம் என்று நினைப்பார்கள். 'துயில்பூட்டு' என்ற பெயரை மியூடெக்ஸுக்கு (ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் உள்ளே விட்டு, மற்றவரை உறங்கவைக்கும் பூட்டு) மட்டும் கொடுத்துவிடாதீர்கள். உறங்கவைக்கும் பூட்டுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு பெயர் வேண்டும். அதற்கு அது இருக்கட்டும். மியூடெக்ஸும், பூட்டை வைத்திருப்பவர் அந்நேரம் ஓடிக்கொண்டிருந்தால், உறங்குமுன் கொஞ்சம் சுழன்று பார்க்கிற ஆசாமிதான்.

வீட்டில் கிரியோல், பள்ளியில் மட்டும் தமிழ் என்று வளர்ந்த பிள்ளைகள் இதைப் படிக்கப் போகிறார்கள். 'தற்சுழற்சிக் காத்திருப்புப் பூட்டமைவு' போன்றவற்றைத் தயவுசெய்து இனி அனுப்பாதீர்கள்.

– கத்ரபோர்னிலிருந்து

----

தம்பி, லகரம் உமக்கே. ஆனால் 'மெய்ச்சுழல்' என்றதும் என் வகுப்பில் முதல் கை உயர்த்துகிறவன் மெய்யெழுத்தா என்று கேட்பான். 'அசல் சுழல்பூட்டு' என்றால் என்ன குறை? அசல் தமிழல்ல என்று யாராவது எழுதுவார்கள், தெரியும். பூட்டு வைத்திருப்பவருக்கும் காத்திருப்பவருக்கும் இன்னும் சொல் இல்லை. நாளை அதைத் தொடங்குகிறேன்.

– மோக்காவிலிருந்து