சைலன்சர் முன்குழாயில் விழுந்த நெளிவை வீட்டிலேயே எடுக்க முடியுமா?

வெள்ளவத்தைவாசி:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இரட்டைச் சிலிண்டர் கொண்ட பழைய ஹொண்டா சீ.டி. 125 இருக்கிறது. அப்பா ஓடிய வண்டி என்பதால் அதை விற்கவும் மனமில்லை, கண்டபடி கைவைக்கவும் மனமில்லை. சென்ற வாரம் எங்கள் தொடர்மாடி வாசற்படியில் பலகை வைத்து வண்டியை ஏற்றியபோது பலகை வழுக்கி, இடப்பக்க முன்குழாய், அதாவது இயந்திரத்திலிருந்து சைலன்சருக்குப் புகையைக் கொண்டு செல்லும், பட்டறைகளில் பென்ட் என்று சொல்லும் பகுதி, படியின் சீமெந்து விளிம்பில் முழுப் பாரத்தோடும் குந்திவிட்டது. வளைவு முடியும் இடத்துக்குச் சற்றுக் கீழே பெருவிரல் நீளத்துக்கு நெளிவு விழுந்திருக்கிறது. வேர்னியர் கொண்டு அளந்தபோது குழாயின் வெளிவிட்டம் நல்ல இடத்தில் 28 மில்லிமீற்றராகவும் நெளிந்த இடத்தில் 24 ஆகவும் இருந்தது.

காணொளிகளில் இரண்டு முறைகளைக் கண்டேன். குழாயில் தண்ணீர் நிரப்பி இரு வாயையும் அடைத்து உறைய வைப்பது ஒன்று. அடைத்த குழாய்க்குள் காற்றை ஏற்றி, நெளிந்த இடத்தைத் தீயால் சூடாக்குவது மற்றொன்று. தொடர்மாடியின் பல்கனியில் இவற்றுள் எதைச் செய்யலாம்? இந்த நெளிவு இயந்திரத்தைப் பாதிக்குமா? அடுத்த மாதம் வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க வேண்டியிருப்பதால், புகைப் பரிசோதனையில் சிக்கல் வருமா என்பதும் என் கவலை.

பழைய வண்டிப் பிரியன்:

தம்பி, எடுப்பது எப்படி என்பதற்கு முன்னர், எடுக்கத்தான் வேண்டுமா என்று பார்ப்போம். உங்கள் குழாயின் சுவர் 1.2 மில்லிமீற்றர் தடிப்பு என்று வைத்துக்கொண்டால் உள்விட்டம் 25.6 மில்லிமீற்றர், வாயுக்கள் செல்லும் வழியின் பரப்பு ஏறத்தாழ 515 சதுர மில்லிமீற்றர். ஒரு பக்கம் 4 மில்லிமீற்றர் ஆழத்துக்குத் தட்டையாக அமுங்கியிருந்தால் குறைவது ஏறத்தாழ 51, அதாவது பத்தில் ஒரு பங்கு. அதுவும் பெருவிரல் நீளத்துக்கு மட்டுமே. 125 சீ.சீ. வண்டியை நாளாந்தம் நகருக்குள் ஓடும் ஒருவர் இதை உணர்வதற்கு இடமில்லை. ஆழம் விட்டத்தின் மூன்றில் ஒரு பங்கை எட்டினாலோ, நெளிவு சிலிண்டரின் வாயை ஒட்டியே விழுந்தாலோ நான் வேறு விதமாகச் சொல்லியிருப்பேன்.

புகைப் பரிசோதனையில் அளக்கப்படுவது காபன் மொனொக்சைட்டும் எரியாத ஐதரோகாபனுமே. அவற்றைத் தீர்மானிப்பவை காபரேட்டரும் பிளக்கும் எயார் கிளீனரும். குழாயின் வடிவம் அல்ல. ஆனால் குழாயைக் கழற்றி மீண்டும் பூட்டும்போது மூட்டில் கசிவை உண்டாக்கிவிட்டால் வெளிக்காற்று உள்ளே இழுபட்டு அளவீடு கலைந்துவிடும். ஆகவே கழற்றினால் காஸ்கெட்டை, அதாவது மூட்டில் கசிவைத் தடுக்கும் வளையத்தை, கட்டாயம் புதிதாகப் போடுங்கள். ஒருமுறை நசுங்கிய காஸ்கெட் இரண்டாம் முறை ஒழுங்காக இருக்காது.

இன்னொன்று. கழற்றியதும் குழாயின் வாயை டோர்ச் அடித்துப் பாருங்கள். சில வண்டிகளின் முன்குழாய் ஒன்றினுள் ஒன்றாக இரண்டு சுவர்களைக் கொண்டது. வெளிக்குழாய் நிக்கலின் பளபளப்பு மங்காமல் காக்க, உள்குழாய் வாயுவைக் கொண்டு செல்ல. வாயின் ஓரத்தில் இரண்டு வளையங்கள் தெரிந்தால், உள்ளிருந்து தள்ளும் எந்த முறையும் வெளிச்சுவரைத் தொடாது. அப்போது பஞ்சிகாவத்தையில் அதே வண்டியின் பாவித்த குழாயைத் தேடுவதே நல்லது. வாங்கும்போது பழைய குழாயைக் கையோடு கொண்டுபோய் வளைவின் கோணத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். கண்மதிப்பில் வாங்கி நான் இருமுறை திரும்பிப் போயிருக்கிறேன்.

தெகிவளைத் தம்பி:

உறைய வைக்கும் முறையை நான் செய்து பார்த்து நட்டப்பட்டவன் என்பதால் எழுதுகிறேன். தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் பருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் பனிக்கட்டி நாம் விரும்பிய திசையில் தள்ளுவதில்லை. எது முதலில் இணங்குகிறதோ அதைத்தான் தள்ளும். நான் இரு வாயிலும் இறப்பர் அடைப்பான் வைத்து, கம்பியால் இறுக்கிக் கட்டி, ஐஸ்கிறீம் பெட்டிகளை அகற்றிவிட்டுக் குழாயை உறைபெட்டியில் சாய்வாக வைத்தேன். முதல் இரவில் ஒரு அடைப்பான் பிதுங்கி வெளியே வந்து, வாயில் ஒரு விரல் நீளத்துக்குப் பனிக்கட்டி நீட்டிக்கொண்டிருந்தது. நெளிவில் மாற்றம் எதுவும் இல்லை. இரண்டாம் முறை இரும்புத் தகட்டை வைத்து இறுக்கினேன். காலையில் எடுத்துக் கழுவும் தொட்டியில் வைத்து உருகவிட்டபோது, வாயருகே உள்ள வெல்டிங் ஒட்டின் ஓரத்தில் தலைமயிர் போன்ற கோட்டிலிருந்து நீர் கசிந்தது. நெளிவு அரை மில்லிமீற்றர் எழுந்திருந்தது. அதற்கு விலையாக ஒட்டு வெடித்திருந்தது.

இந்த முறை இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளின் அகன்ற, மெல்லிய தகட்டாலான சேம்பர் என்னும் புகைக்குழாய்க்கு ஓரளவு பொருந்தலாம். ஒடுங்கிய, தடித்த முன்குழாய்க்குப் பொருந்தாது.

ஒட்டுப் பட்டறை, கொட்டாஞ்சேனை:

இந்தத் தொழிலில் இருபது வருடங்களாக இருக்கிறேன். காற்றேற்றிச் சூடாக்குவதைப் பல்கனியில் செய்ய வேண்டாம் என்று உறுதியாகச் சொல்கிறேன், காரணத்தையும் சொல்கிறேன். நெளிவின் பரப்பு 6 சதுர சென்ரிமீற்றர் என்று வையுங்கள். சதுர அங்குலத்துக்கு 40 இறாத்தல் அழுத்தத்தில் காற்றேற்றினால் அந்த இடத்தை உள்ளிருந்து தள்ளும் விசை ஏறத்தாழ 17 கிலோ மட்டுமே. குளிர்ந்த உருக்குக்கு அது ஒரு பொருட்டல்ல. அதனால்தான் தீ வேண்டியிருக்கிறது. 600 பாகை செல்சியசைத் தாண்டி உருக்கு மங்கிய சிவப்பாக ஒளிரத் தொடங்கிய பின்னரே அது அந்த விசைக்கு இணங்கும். கையடக்க காஸ் டோர்ச்சால் அவ்வளவு பரப்பை ஒரே சீராக அந்த நிறத்துக்குக் கொண்டுவருவது கடினம். ஒட்சிசன் கலந்த காஸ் ஒட்டுத் தீயே வேண்டும். அத்தீயிலோ ஒரு கணம் கூடினால் நெளிவு நேராகி, அதோடு நிற்காமல் வெளிப்புறம் கொப்புளம்போல் வீங்கிவிடும். காற்றடைத்த குழாயின் அடைப்பான் கழன்றால் துப்பாக்கிக் குண்டுபோல் பறக்கும்.

நான் செய்வது வெளியிலிருந்து இழுப்பது. முதலில் நெளிவின் மேலுள்ள நிக்கல், குரோம் பூச்சுகளைக் கிரைண்டரால் வெறும் உருக்குத் தெரியும்வரை நீக்குவேன். பூச்சின் மேல் நேரடியாக ஒட்டினால் ஒட்டும் பிடிக்காது, எழும் புகை நுரையீரலுக்கும் கேடு. முகமூடியும் திறந்த வெளியும் வேண்டும். பிறகு நெளிவின் பள்ளம் ஓடும் கோட்டில் மூன்று வொஷர்களைச் செங்குத்தாக நிறுத்தி, குறைந்த அம்பியரில் ஒவ்வொரு புள்ளியாக ஒட்டுவேன். அவற்றின் துளைகளினூடாக ஒரு கம்பியைக் கோத்து, கம்பியில் சறுக்கி ஓடும் எடையைப் பின்னோக்கி அடித்து இழுக்கும் சுத்தியலைக் கொளுவி இழுக்க வேண்டும். இங்கேதான் பலரும் பிழைவிடுகிறார்கள்: பள்ளத்தின் நடுவை மட்டும் பலமாக இழுத்தால் அங்கே ஒரு கூம்பு எழும், ஓரங்கள் அப்படியே நிற்கும். நெளிவு விழும்போது கடைசியாக உருவானவை ஓரத்து மேடுகள். எடுக்கும்போது அவைதான் முதலில் இளக வேண்டும். ஒருவர் இழுவையைப் பிடித்திருக்க, மற்றவர் சிறு சுத்தியலால் மேடுகளை மெதுவாகச் சுற்றித் தட்டினால், நடுப்பகுதி தானாக எழுவதைக் கண்ணால் காணலாம். பிடிவாதமான நெளிவுக்கு மட்டும் அந்த இடத்தைச் சற்றுச் சிவக்க வைப்பேன். குழாயின் இரு வாயும் அப்போது திறந்தே இருக்க வேண்டும்.

இதன்பின் பழைய பளபளப்பு திரும்ப வராது. மீண்டும் நிக்கல் அடிக்க வேண்டும், அல்லது வெப்பம் தாங்கும் கறுப்புப் பூச்சு அடிக்க வேண்டும். வண்டியுடலின் பள்ளங்களை அடைக்கும் டிங்கரிங் புட்டிப் பசையால் நிரப்பிப் பூசித் தருகிறோம் என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள்; வண்டி சூடானதும் அது கருகி உதிரும்.

வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியது கழற்றுவதும் பூட்டுவதும் தான், அதுவும் சிறிய வேலையல்ல. வெள்ளவத்தையில் கடற்காற்றுக்கு நட்டுகள் அவை பூட்டப்பட்டிருக்கும் திருகாணியான ஸ்டட்டோடு துருப்பிடித்து ஒன்றாகியிருக்கும். முதல்நாள் இரவே துரு இளக்கும் எண்ணெயை விட்டு, மறுநாள் இயந்திரம் இளஞ்சூட்டில் இருக்கும்போது, முதலில் இம்மியளவு இறுக்கிப் பின்னர் தளர்த்துங்கள். அலுமினியச் சிலிண்டர் தலையினுள் ஸ்டட் முறிந்தால் அதை எடுக்கும் செலவு நெளிவுக்கான செலவைவிட அதிகமாகிவிடும்.

வெள்ளவத்தைவாசி:

மூவருக்கும் நன்றி. கழற்றிப் பார்த்தேன், ஒற்றைச் சுவர்தான். நெளிவு ஓட்டத்தைப் பாதிக்காது என்று பிரியன் அண்ணன் சொன்னதை ஏற்றுக்கொண்டாலும், அப்பாவின் வண்டியில் அந்த வடுவை ஒவ்வொரு நாளும் பார்க்க என்னால் இயலவில்லை. ஆகவே மருதானைப் பக்கம் ஒரு பட்டறையில், மேலே விளக்கியபடியே வொஷர் ஒட்டி இழுக்கச் சொன்னேன். புட்டி வேண்டாம் என்பதையும் முன்னரே சொல்லிவிட்டேன். சிறு சுத்தியலைப் பிடிக்கும் வேலை எனக்குக் கிடைத்தது. மேட்டைச் சுற்றி ஏழெட்டுத் தட்டுத் தட்டியபோது, நடுப்பகுதி ‘டக்’ என்ற சத்தத்தோடு எழுந்தது. இப்போது அந்த இடத்தில் 27 மில்லிமீற்றர் காட்டுகிறது. சாய்ந்த வெளிச்சத்தில் மட்டும் ஒரு மெல்லிய அலை தெரிகிறது.

நிக்கல் அடிக்கும் செலவை இப்போதைக்குத் தள்ளி வைத்து, இரு குழாய்களுக்கும் கறுப்புப் பூச்சு அடித்தேன். புதிய காஸ்கெட் போட்டுப் பூட்டி, குளிர்ந்த இயந்திரத்தை இயக்கி மூட்டில் சவர்க்கார நீர் தடவினேன், குமிழி எழவில்லை. காலி வீதியில் இரத்மலானைவரை ஓடித் திரும்பி, ஆறிய பின்னர் நட்டுகளை மறுபடி பார்த்தபோது இடப்பக்கத்தில் ஒன்று கால் சுற்று இளகியிருந்தது. இறுக்கிவிட்டேன்.