இண்டியன் வெல்ஸ் 2001: டிக்கெட் காசு போன கோபமா, நிறவெறியா?

பேஸ்லைன் ரசிகை:
கலிஃபோர்னியாவில் நடக்கும் இண்டியன் வெல்ஸ் டென்னிஸ் தொடரின் 2001 பெண்கள் இறுதிப் போட்டி வீடியோவை நேற்றுதான் முழுதாகப் பார்த்தேன், இன்னும் மனசு ஆறவில்லை. செரீனா வில்லியம்ஸுக்கு அப்போது 19 வயது, எதிரே ஆடிய கிம் கிளைஸ்டர்ஸுக்கு 17. செரீனா கோர்ட்டுக்குள் கால் வைத்ததிலிருந்தே கூச்சல், அவர் பந்தை வெளியே அடித்தால் கைதட்டல், இரண்டு சர்வும் தவறி டபுள் ஃபால்ட் போட்டால் ஆரவாரம், கலிஃபோர்னியாவிலேயே வளர்ந்த பெண்ணுக்கு எதிராக பெல்ஜியத்திலிருந்து வந்தவருக்கு அரங்கமே ஆதரவு. இரண்டு நாள் முன்பு அக்கா வீனஸ் முழங்கால் வலி என்று அரையிறுதியிலிருந்து விலகியதுதான் காரணம் என்கிறார்கள். கமெண்டில் பாதிப் பேர் "காசு கொடுத்தவன் கத்தத்தான் செய்வான், இதில் நிறம் எங்கே வந்தது" என்று எழுதியிருக்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், அங்கே உண்மையில் என்ன நடந்தது?

கிராஸ்கோர்ட்:
அந்த வாரம் முழுக்க என்ன பேச்சு ஓடியது என்று தெரிந்தால்தான் இது புரியும். அரையிறுதி அக்காவுக்கும் தங்கைக்கும். அதற்கு முந்தைய சுற்றில் வீனஸிடம் தோற்ற எலெனா டெமென்டியேவாவிடம் அடுத்த ஆட்டத்தில் யார் ஜெயிப்பார் என்று கேட்டார்கள், அதை அவர்களுடைய அப்பா ரிச்சர்ட் முடிவு செய்வார் என்கிற மாதிரி பதில் சொல்லிவிட்டார். 2000 விம்பிள்டன் அரையிறுதியில் தங்கையை அக்காவிடம் தோற்கச் சொன்னதே அப்பாதான் என்று ஒரு கிசுகிசுப் பத்திரிகையும் எழுதியிருந்தது. இரண்டுக்கும் ஆதாரம் கிடையாது. இந்தப் புகைச்சலுக்கு நடுவில், ஆட்டம் தொடங்கச் சில நிமிடங்களே இருக்கும்போது வீனஸ் ஆடவில்லை என்று அறிவிப்பு வந்தது. வலது முழங்காலில் தசைநாண் அழற்சி. தன்னால் முடியாது என்று வீனஸ் முன்கூட்டியே சொல்லியும் அறிவிக்காமல் இழுத்தடித்தார்கள் என்று செரீனா பிற்பாடு தன் சுயசரிதையில் எழுதினார். அரங்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது எப்படித் தெரியும்? அவர்கள் மனதில் 'ஃபிக்ஸிங்' என்ற எண்ணம் ஏற்கெனவே உட்கார்ந்துவிட்டது.

ஓய்வுபெற்ற அம்பயர்:
நான் கொஞ்சம் மறுபக்கம் பேசுகிறேன், கோபப்படாதீர்கள். பாலைவனத்து ஊர் அது, லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்தே வண்டியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். குடும்பத்தோடு டிக்கெட் வாங்கி, அந்த ஆட்டத்துக்காகவே வந்து உட்கார்ந்தவனுக்குக் கடைசி நிமிடத்தில் இல்லை என்றால் எரிச்சல் வராதா? கூச்சல் போடுவது அநாகரிகம்தான், ஆனால் எந்த விளையாட்டிலும் இருப்பதுதானே. இனத்தைச் சொல்லித் திட்டினார்கள் என்பது ரிச்சர்டின் வாக்குமூலம். ஒளிபரப்பில் கூச்சல் கேட்கிறது, அந்த வார்த்தை கேட்கவில்லை. போட்டி இயக்குநர் சார்லி பசரெலும் கூட்டம் நடந்துகொண்டது தப்பு என்றுதான் சொன்னார், தன் ஊர்க்காரர்கள் அப்படிப் பேசுவார்கள் என்று ஏற்கவில்லை.

மணிமேகலை:
அம்பயர் சார், மரியாதையோடு கேட்கிறேன். விலகியது வீனஸ், அதுவும் வியாழக்கிழமை. சனிக்கிழமை இறுதிப் போட்டிக்கு வந்த கூட்டத்துக்கு என்ன நஷ்டம்? அவர்களுக்கு மூன்று செட் முழு ஆட்டம் கிடைத்தது, 4-6, 6-4, 6-2. செரீனா எதிலிருந்தும் விலகவே இல்லை. அப்புறம் ஏன் இரண்டு மணி நேரம் அந்தப் பெண்ணை வாட்டி எடுத்தார்கள்? வீனஸும் அப்பாவும் படியிறங்கித் தங்கள் இருக்கைக்கு வரும்போது மொத்த அரங்கமும் திரும்பி நின்று கத்தியதே, அது டிக்கெட் காசுக்காகவா? இருக்கைக்குப் போகும் வழியில் தன்னைப் பலமுறை கறுப்பினத்தவரைத் திட்டும் அந்த இழிசொல்லால் அழைத்தார்கள், ஒருவன் இது 1975ஆம் வருஷமாக இருந்தால் உன் தோலை உரித்திருப்போம் என்றான் என்று ரிச்சர்ட் யுஎஸ்ஏ டுடே நாளிதழிடம் சொன்னார். மேலே கோர்ட்டைப் பார்த்து வைத்த மைக்கில் கேலரிப் படிக்கட்டில் முணுமுணுத்தது பதிவாகவில்லை என்பதால் அவர் பொய் சொன்னார் என்று ஆகிவிடுமா?

அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. டென்னிஸில் காயம் என்று விலகுகிறவர்கள் வாராவாரம் உண்டு. 'அடடா, பாவம்' என்று சொல்லிவிட்டு அடுத்த ஆட்டத்தைப் பார்க்கப் போய்விடுவோம். இந்த இரண்டு கறுப்பினப் பெண்கள் விஷயத்தில் மட்டும் வலி என்று சொன்னதை யாரும் நம்பவில்லை, அப்பா பின்னாலிருந்து ஆட்டுவிக்கிறார் என்ற கதையை உடனே நம்பினார்கள். கெட்ட வார்த்தை ஒன்றுகூட விழாமல் இருந்திருந்தாலும் நான் இதை நிறவெறி என்றுதான் சொல்வேன்.

கிராஸ்கோர்ட்:
மணிமேகலை சொல்வதோடு ஒன்று சேர்க்கிறேன். கோப்பையை வாங்கிய பிறகு உடைமாற்றும் அறையில் மணிக்கணக்கில் அழுததாகவும், காரில் லாஸ் ஏஞ்சல்ஸ் திரும்பும்போது பெரிய ஆட்டம் ஒன்றில் தோற்ற மாதிரி இருந்ததாகவும் செரீனா எழுதியிருக்கிறார். அதன்பின் சகோதரிகள் இருவரும் அந்த ஊர்ப் பக்கமே போகவில்லை. 2009இல் அதை முன்னணி வீராங்கனைகள் ஆடியே ஆக வேண்டிய கட்டாயப் போட்டிகளில் ஒன்றாக ஆக்கிய பிறகும் போகவில்லை. செரீனா 2015இல்தான் திரும்பினார், வீனஸ் 2016இல். உச்சத்தில் இருந்த ஆட்டக்காரருக்கு 14 வருடம் என்பது சின்ன இழப்பா?

2015இல் நடந்ததையும் கேளுங்கள். முதல் ஆட்டத்துக்கு வந்தபோது கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது, செரீனா அழுதுவிட்டார். அதே போட்டியில் சிமோனா ஹாலெப்புடன் அரையிறுதி ஆட வேண்டியவர், வலது முழங்கால் காயத்தால் விலகினார்! கோர்ட்டுக்கு வந்து கூட்டத்திடம் தானே நேரில் சொன்னார். அதே ஊர், அதே சுற்று, அதே முழங்கால். இந்த முறை ஃபிக்ஸிங் கதை கிளம்பவில்லை.

ஓய்வுபெற்ற அம்பயர்:
2015இல் எதிரில் இருந்தது தங்கையோ அக்காவோ இல்லையே, அந்த வித்தியாசத்தையும் பாருங்கள். என் கருத்து மாறவில்லை. ஆனால் சனிக்கிழமைக் கூச்சலுக்கு மணிமேகலை கேட்ட கேள்விக்கு டிக்கெட் காசு பதில் ஆகாது, அது சரிதான்.

பேஸ்லைன் ரசிகை:
எல்லோருக்கும் நன்றி. 2022இல் ஜப்பான் வீராங்கனை நவோமி ஒசாகா அதே கோர்ட்டில் ஒரு ரசிகர் கத்தியதற்கு அழுதது இப்போதுதான் புரிகிறது. ஒற்றைக் குரலுக்கா இவ்வளவு என்று அன்றைக்குப் பலர் எழுதினார்கள். நடுவரிடம் மைக் கேட்டார், கொடுக்கவில்லை. ஆட்டம் முடிந்த பிறகுதான், வீனஸையும் செரீனாவையும் இங்கே கத்திய வீடியோவைப் பார்த்திருக்கிறேன், அதுவே தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது என்று சொன்னார். 2001இல் ஒசாகா மூன்று வயதுக் குழந்தை.

செரீனா எழுதியது எங்கே கிடைக்கும், கிராஸ்கோர்ட்?

கிராஸ்கோர்ட்:
டைம் இதழில், 2015 பிப்ரவரியில். திரும்பி ஆட ஏன் முடிவெடுத்தார் என்பதையும் அதில்தான் சொல்கிறார், இணையத்தில் இருக்கிறது.