ஒரே பேக்கா, நாட்டுக்கொரு பேக்கா? துபாய், லண்டன், ஜெர்மனிக்குப் போகும் சாம்பார் பொடி

பீன்யா கார்த்தி (கேள்வி):

வணக்கம். பெங்களூரில் மசாலாப் பொடி, ரெடி மிக்ஸ் தயாரிக்கும் நடுத்தர கம்பெனி ஒன்றில் மார்க்கெட்டிங் பார்க்கிறேன். இதுவரை கர்நாடகா, தமிழ்நாடு மட்டும்தான். அடுத்த நிதியாண்டில் துபாய், பிரிட்டன், ஜெர்மனி மூன்றுக்கும் அனுப்பத் திட்டம். சாம்பார் பொடி, ரசப்பொடி, இட்லிப்பொடி, ரவா இட்லி மிக்ஸ், இந்த நாலு ஐட்டம்தான் முதலில்.

முதலாளி "உலகம் பூரா ஒரே பேக், ஒரே விளம்பரம், செலவு மிச்சம்" என்கிறார். துபாய் டிஸ்ட்ரிபியூட்டரோ பேரைத் தவிர எல்லாவற்றையும் மாற்றச் சொல்கிறார். காரத்தைக் குறைக்கணும், அரபியைப் பெரிதாகப் போடணும், விலையை அவரே வைக்கணும். ஏஜென்சி இரண்டுக்கும் நடுவில் ஒரு ஸ்லைடு காட்டுகிறது. அதில் எதை மாற்றுவது, எதைத் தொடக்கூடாது என்று ஒரு வரி கிடையாது. நடைமுறையில் இதை எப்படிப் பிரிக்கிறார்கள்? கடைசி வார்த்தை யாருடையதாக இருக்க வேண்டும்?

அல்சூர் வாசு:

கார்த்தி சார், உலகமா உள்ளூரா என்று மொத்தமாகக் கேட்டால் விடை வராது. பொருளைப் பிய்த்துப் போட்டு ஒவ்வொன்றாகக் கேளுங்கள். பெயர், லோகோ, நிறம், பொருள் எதற்கு என்று சொல்லும் ஒரு வரி, ரெசிபி, லேபிள், எடை, விலை, கடை, விளம்பரம். முதல் நாலையும் பெங்களூரில் பூட்டுங்கள். லேபிளைச் சட்டம் முடிவு செய்யும், அதில் உங்களுக்கோ டிஸ்ட்ரிபியூட்டருக்கோ கருத்துரிமையே கிடையாது. எடை, விலை, கடை அந்தந்த நாட்டில். சண்டை வரப்போவது ரெசிபியிலும் விளம்பரத்திலும்தான்.

பெரிய கம்பெனிகளும் இப்படித்தான் துண்டு துண்டாகப் பிரிக்கின்றன. யூனிலீவர் வளர்த்த, இப்போது தனிக் கம்பெனியாகப் பிரிந்துவிட்ட ஐஸ்கிரீமுக்கு உலகம் முழுக்க அதே இதய லோகோ. பெயர் மட்டும் பிரிட்டனில் வால்ஸ், ஜெர்மனியில் லாங்னீஸ், இத்தாலியில் அல்ஜிடா, நம்மிடம் குவாலிட்டி வால்ஸ். பழகிய பெயரை அழிக்காமல் மேலே ஒரே முத்திரை. லேஸும் அதே கதைதான், பிரிட்டனில் அது வாக்கர்ஸ். மெக்டொனால்ட்ஸ் 1996இல் டெல்லியில் கடை திறந்தபோது மாட்டிறைச்சி, பன்றியிறைச்சி இரண்டையும் மெனுவிலிருந்தே எடுத்துவிட்டது. சைவத்துக்குச் சமையலறையில் தனி இடம், தனிப் பாத்திரம். ஆனால் மஞ்சள் வளைவும் கவுன்டர் முறையும் மாறவில்லை. கோகோ கோலா 1993இல் பார்லேயிடமிருந்து வாங்கிய தம்ஸ் அப் இன்றைக்கும் அதே பெயரில் விற்கிறது.

எதிர்த்திசையில் ஸ்டார்பக்ஸ். ஆஸ்திரேலியாவில் 2008இல் 84 கடைகளில் 61ஐ மூடினார்கள். எஸ்பிரெஸோவில் ஊறிய ஊர் அது, நல்ல காபி கொடுக்கும் சின்னக் கடைகள் தெருவுக்குத் தெரு இருந்தன. சேர்த்துக் கொடுக்கப் புதிதாக எதுவும் இல்லாத இடத்தில் ஒரே அச்சு மெனு எடுபடவில்லை. இந்த ஒரு காரணம்தான் என்று சொல்ல மாட்டேன், வேகமாகக் கடை திறந்ததும் சேர்ந்துகொண்டது.

காரத்துக்கு வருவோம். துபாயில் உங்கள் முதல் வாடிக்கையாளர் மலையாளியும் தமிழரும். அவர்களுக்காகக் காரத்தைக் குறைத்தால் ஊர் ருசி இல்லை என்று விட்டுவிடுவார்கள். ஒரிஜினலைத் தொடாதீர்கள். மற்றவர்களையும் பிடிக்க ஆசை இருந்தால் 'காரம் குறைவு' என்று தனி ஐட்டம், அதுவும் ஒன்றே ஒன்று, விற்பனையைப் பார்த்த பிறகு.

லேபிள் லட்சுமி:

வாசு அண்ணா லேபிளை ஒரே வரியில் தாண்டிவிட்டார். கன்டெய்னர் நிற்பதே அங்கேதான்.

முதலில் பெருங்காயம். கடையில் வருவது பெரும்பாலும் கூட்டுப்பெருங்காயம், அதில் மைதா அல்லது கோதுமை மாவு இருக்கும். சாம்பார் பொடியில் அரை சதவீதம் போட்டாலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் பிரிட்டனிலும் 'கோதுமை' என்று மூலப்பொருள் பட்டியலில் தடித்த எழுத்திலோ வேறு வகையிலோ தனித்துத் தெரிய வேண்டும். அங்கே ஒவ்வாமைப் பட்டியலில் 14 பொருள்கள், அவற்றில் கடுகும் எள்ளும் உண்டு. இட்லிப்பொடியில் எள் இருக்கிறதல்லவா, அது ஒன்று. அமெரிக்கப் பட்டியலில் 9, கடுகு கிடையாது, எள் 2023 ஜனவரியிலிருந்து உண்டு. ஆக, அமெரிக்காவுக்குச் செய்த லேபிளை லண்டனுக்கு அனுப்பினால் கடுகில் மாட்டும். பெருங்காயத்தை அரிசி மாவில் கட்டியதாக மாற்றினால் பொடிகளில் கோதுமைப் பிரச்சினை எல்லா நாட்டுக்கும் ஒரே அடியாகத் தீரும் (ரவா இட்லி மிக்ஸில் ரவையே கோதுமைதான், அங்கே போட்டே ஆகணும்). ரெசிபியை உலகம் முழுக்க ஒன்றாக வைக்க நல்ல காரணம் இதுதான். ஒரே மெஷினில் கோதுமை ஐட்டமும் ஓடினால் கலப்பு எச்சரிக்கை தனி.

ஊட்டச்சத்துப் பட்டியல் ஐரோப்பாவில் 100 கிராமுக்கு. நம் லேபிளில் சோடியம் மில்லிகிராமில் இருக்கும், அங்கே உப்பு என்று கிராமில் கேட்பார்கள். சோடியத்தைக் கிராமாக மாற்றி 2.5ஆல் பெருக்கணும். எழுத்தின் உயரம், சின்ன 'எக்ஸ்' எழுத்தை வைத்து அளந்தால், குறைந்தது 1.2 மி.மீ. பேக்கின் பெரிய பக்கம் 80 சதுர செ.மீ.க்குக் குறைவானால் 0.9. ஜெர்மனிக்கு ஜெர்மன் மொழி, துபாய் இருக்கும் எமிரேட்ஸுக்கு அரபி கட்டாயம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இருக்கும் இறக்குமதியாளர் முகவரி ஒன்று, பிரிட்டனுக்குப் பிரிட்டன் முகவரி ஒன்று.

ரவா இட்லி மிக்ஸில் மோர்ப்பொடி, நெய் ஏதாவது உண்டா? இருந்தால் ஐரோப்பாவில் அது கூட்டுப்பொருள் (தாவரப் பொருளும் பால் போன்ற விலங்குப் பொருளும் கலந்த உணவு) விதிகளுக்குள் போய்விடும், பால் பகுதி அவர்கள் அனுமதித்த ஆலையிலிருந்து வந்திருக்க வேண்டும். முதல் வருடம் பால் இல்லாத மிக்ஸை அனுப்புங்கள், "தயிர் சேர்க்கவும்" என்று செய்முறையில் போட்டால் போதும்.

செய்முறை என்றதும் இன்னொன்று. 'மூன்று விசில்', 'ஒரு டம்ளர்' எல்லாம் ஸ்டுட்கார்ட்டில் யாருக்கும் புரியாது. நிமிடம், மில்லிலிட்டர் என்று எழுதுங்கள். படம் போட்டுப் படிப்படியாகக் காட்டினால், அரபி பக்கத்தில் படங்களும் வலமிருந்து இடமாக வரணும். இல்லையென்றால் வெந்த இட்லியிலிருந்து மாவுக்குப் போகும்.

சிக்பேட் செந்தில்:

பேக்கிங் பிரிண்டிங் பக்கத்திலிருந்து ஒரு மாற்றுக் கருத்து. நாலு ஐட்டம், இந்தியாவையும் சேர்த்து நாலு நாடு என்றால் பதினாறு டிசைன். பவுச் அடிப்பது கிராவ்யூரில், அதாவது செதுக்கிய உருளையால் அச்சடிக்கும் முறையில், ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சிலிண்டர். ஆறு நிற டிசைன் என்றால் ஆறு சிலிண்டர், அதற்கு மேல் லேமினேட்டுக்கு (பவுச் செய்யும் பல அடுக்கு பிலிம்) குறைந்தபட்ச ஆர்டர் எடை. நடுத்தர கம்பெனிக்கு இது தாங்காது, ஸ்டாக் தேங்கி ரோலைத் தூக்கிப் போட வேண்டி வரும். உங்கள் முதலாளி கணக்கில் நியாயம் இருக்கிறது.

வழி இது. நாட்டுக்கு நாடு மாறும் எழுத்து அத்தனையும் கறுப்பில் மட்டும் வரட்டும். படம், லோகோ, பின்னணி மற்ற ஐந்து நிறத்தில். அப்போது நாடு மாறினால் மாறுவது கறுப்பு சிலிண்டர் ஒன்றே. டிசைனரிடம் முன்கூட்டியே சொல்லணும். அவர் அழகுக்காக மூலப்பொருள் பட்டியலை வெள்ளை எழுத்தில் சிவப்புப் பின்னணியில் கொடுத்துவிட்டால் திட்டம் காலி, ஏனென்றால் அந்த வெள்ளை மற்ற நிறங்களின் சிலிண்டரில் வெட்டப்பட்டிருக்கும். பின்பக்கத்தில் வெளிர் நிறக் கட்டம் ஒன்றைப் பெரிதாக விடுங்கள். ஆங்கிலத்தை வைத்து அளக்காதீர்கள், ஜெர்மன் சுலபமாக முப்பது சதவீதம் கூட நீளும்.

ஜெர்மனியில் முதல் ஆர்டர் சின்னதாகத்தான் இருக்கும். அதற்கு டிஜிட்டல் பிரிண்ட் பவுச், அல்லது பின்பக்க ஸ்டிக்கர். ஸ்டிக்கர் ஒட்டும்போது காலாவதித் தேதியையும் பேட்ச் எண்ணையும் மறைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அடிக்கடி நடப்பது அதுதான்.

பீன்யா கார்த்தி:

லட்சுமி மேடம், செந்தில் சார், மிக்க நன்றி. எங்கள் பெருங்காயம் மைதா கலந்ததுதான், வெண்டரிடம் பேசுகிறேன். கறுப்பு சிலிண்டர் விஷயம் ஏஜென்சிக்கே தெரியாது. விலையை டிஸ்ட்ரிபியூட்டர் கையில் விடலாமா? விளம்பரப் படம் இங்கே எடுத்ததையே ஓட்டலாமா?

அல்சூர் வாசு:

கடை விலையை அவர் சொல்லட்டும், அங்கிருந்து பின்னோக்கி நீங்கள் கணக்குப் போடுங்கள். உதாரணத்துக்கு, ஷெல்ஃபில் 10 திர்ஹாம். வாட் 5 சதவீதம் கழித்தால் 9.52. கடைக்காரர் 25 சதவீதம் எடுத்தால் 7.14, டிஸ்ட்ரிபியூட்டர் 20 எடுத்தால் 5.71. இதற்குள் கப்பல், கிளியரிங், சுங்கம், ஷெல்ஃபில் இடம் பிடிக்கும் கட்டணம், உங்கள் லாபம் எல்லாம் அடங்கணும். சுங்கத்துக்கு 2022 மே முதல் நடப்பில் உள்ள இந்தியா-எமிரேட்ஸ் ஒப்பந்தத்தில் சலுகை கிடைக்கிறதா என்று பாருங்கள், உற்பத்தி நாட்டுச் சான்றிதழ் இல்லாமல் கிடைக்காது.

டிஸ்ட்ரிபியூட்டரைவிடப் பெரிய தொல்லை, எம்.ஆர்.பி. அச்சிட்ட உங்கள் இந்திய பேக்கே வேறொரு வியாபாரி கைவழியாக லண்டன் கடைக்குப் போய்ச் சேர்வது. ரூபாய் விலை கண்முன்னே தெரியும், உங்கள் ஏற்றுமதி பேக்கைக் கொள்ளைவிலை என்பார்கள். லேபிளும் அங்கே செல்லாது, பிடிபட்டால் பெயர் கெடுவது உங்களுடையது. ஏற்றுமதிக்கு எடையை மாற்றுங்கள். இங்கே 200 கிராம் என்றால் அங்கே 165 என்று வைத்தால் நேருக்கு நேர் ஒப்பிடுவது சிரமம். எந்தப் பேட்ச் எந்த மொத்த வியாபாரிக்குப் போனது என்ற பதிவும் இருக்கட்டும், கசிவு எங்கே என்று அதில்தான் தெரியும்.

படத்துக்கு: உதட்டசைவு வசனம் வேண்டாம், பின்னணிக் குரல் வைத்தால் மொழி மாற்றுவது சுலபம். கடைசியில் வரும் பேக் காட்சியை நாட்டு வாரியாகத் தனியே எடுத்து வையுங்கள். மாடல், இசை ஒப்பந்தங்கள் பெரும்பாலும் இந்தியாவுக்கு மட்டும் இருக்கும். ஏற்கனவே எடுத்த படத்தை வெளிநாட்டில் ஓட்டும் முன் அதைப் படித்துவிடுங்கள்.

கடைசி வார்த்தை யாருக்கு என்றீர்கள். லோகோ, ரெசிபி பெங்களூரில். லேபிளில் இறக்குமதியாளர் எழுத்தில் கையெழுத்திடாமல் அச்சுக்குப் போகக்கூடாது. ரம்ஜான், ஓணம் சலுகை போன்றவற்றை டிஸ்ட்ரிபியூட்டரிடம் விடுங்கள், மேலே ஒரு பட்ஜெட் வரம்பு மட்டும்.

லேபிள் லட்சுமி:

இன்னொன்று சேர்க்கிறேன். "இங்கே டிரேட்மார்க்கை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று டிஸ்ட்ரிபியூட்டர் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பதிவு அவர் பெயரில் விழும், பிரியும்போது உங்கள் பெயரிலேயே அங்கே விற்க முடியாது. ஒரே விண்ணப்பத்தில் பல நாடுகளில் டிரேட்மார்க் கேட்கும் சர்வதேச ஏற்பாடுதான் மாட்ரிட் முறை. 2013 முதல் இந்தியா அதில் இருக்கிறது, எமிரேட்ஸ் 2021 டிசம்பரில் சேர்ந்தது. பிரிட்டன், ஐரோப்பிய ஒன்றியம், எமிரேட்ஸ் மூன்றையும் ஒரே விண்ணப்பத்தில் கேட்கலாம், மசாலாப் பொருள்கள் வரும் டிரேட்மார்க் வகுப்பு 30இல். இங்கே உள்ள மூலப்பதிவு முதல் 5 ஆண்டுக்குள் விழுந்தால் அங்கேயும் விழும், அதனால் இந்தியப் பதிவில் ஆட்சேபணை ஏதும் நிலுவையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.