கடையில் வாங்கிய சாற்றில் சைடர்: ஒரு குடுவை பாதியில் நிற்கிறது, மற்றொன்று தொடங்கவே இல்லை

லீட்ஸ் குடுவை (கேள்வி)

வணக்கம். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் வசிக்கிறேன். வீட்டில் சைடர், அதாவது ஆப்பிள் சாற்றை நொதிக்க வைத்த மது, தயாரிப்பது இதுவே முதல் முறை. 4.5 லிட்டர் கொள்ளும் கண்ணாடி டெமிஜான் குடுவைகள் இரண்டை வாங்கி, இரண்டிலும் ஒரே நாளில் வேலையைத் தொடங்கினேன்.

முதல் குடுவையில், செறிவிலிருந்து தயாரிக்கப்பட்ட சாதாரண ஆப்பிள் சாறு நான்கு லிட்டர் ஊற்றினேன். 100 மில்லிலிட்டருக்குச் சர்க்கரை 10.5 கிராம் என்று பெட்டியில் போட்டிருந்தது. இரண்டாவது குடுவையில், அதே கடையில் விலை குறைவாகக் கிடைத்த ஆப்பிள்–மாம்பழ ‘ஜூஸ் டிரிங்க்’ நான்கு லிட்டர். சைடருக்கான ஈஸ்ட் 5 கிராம் பொட்டலம் ஒன்றை இரண்டாகப் பிரித்துத் தூவி, உள்வாயுவை வெளியே விட்டு வெளிக்காற்றைத் தடுக்கும் ஏர்லாக் பொருத்திக் கராஜில் வைத்துவிட்டேன்.

முதல் குடுவை இரண்டாம் நாளே நுரைத்தது. ஒரு வாரம் ஏர்லாக் இடைவிடாமல் குமிழி விட்டது. இன்று 18ஆம் நாள். மூன்று நான்கு நிமிடங்களுக்கு ஒரு குமிழிதான் வருகிறது, மூடியைத் திறந்தால் அழுகிய முட்டை வாடை அடிக்கிறது. தொடக்கத்தில், ஒரு சொட்டுச் சாற்றில் சர்க்கரையை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் 11.9 பிரிக்ஸ் (ஏறத்தாழ சர்க்கரை விழுக்காடு) காட்டியது, இப்போது 5.6 காட்டுகிறது. அட்டவணையில் பார்த்தால் இது அடர்த்தி (தண்ணீர் 1.000) 1.048இலிருந்து 1.022க்கு இறங்கி நின்றுவிட்டதாகப் பொருள்படுகிறது. இரண்டாவது குடுவையிலோ இதுவரை ஒரு குமிழிகூட இல்லை. தூவிய ஈஸ்ட், கரைத்த சந்தனம் போல அடியில் படிந்து கிடக்கிறது.

முதல் குடுவை எப்படியும் நின்றுவிட்டதால், புட்டிக்குள் வாயு சேர்வதற்காக லிட்டருக்கு 7 கிராம் சர்க்கரை சேர்த்து, கம்பி மூடி போட்ட கண்ணாடிப் புட்டிகளில் வரும் சனிக்கிழமை அடைத்துவிடலாம் என்றிருக்கிறேன். இது சரியா? இரண்டாவது குடுவைக்கு இன்னொரு பொட்டலம் ஈஸ்ட் போட்டால் பிழைக்குமா?

வண்டல் (பதில்)

சனிக்கிழமை எதையும் அடைக்க வேண்டாம். மற்ற எல்லாவற்றையும் நிதானமாகப் பேசிக்கொள்ளலாம். இதை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். நொதித்தல் நின்றுபோவதும் நொதித்தல் முடிந்துபோவதும் ஒன்றல்ல. குளிரிலோ சத்துக் குறைவிலோ சோர்ந்து நின்ற ஈஸ்ட், புட்டிக்குள் போய் வீட்டுச் சூட்டைக் கண்டதும் மீண்டும் எழுந்துகொள்ளும். அப்போது வாயு வெளியேற வழியிருக்காது.

சாற்றில் மிதக்கவிட்டு அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் வைத்திருக்கிறீர்களா? இரவில் கராஜின் வெப்பநிலை எவ்வளவு? ஜூஸ் டிரிங்க் பெட்டியின் பின்புறத்தில் உள்ள சேர்பொருள் பட்டியலை அப்படியே எழுத முடியுமா?

லீட்ஸ் குடுவை

நன்றி ஐயா. ஹைட்ரோமீட்டர் இல்லை. ஒரு சொட்டு போதும் என்பதால் ரிஃப்ராக்டோமீட்டரை மட்டும் வாங்கினேன். கராஜில் வெப்பமானி வைத்துப் பார்த்தேன். நேற்றிரவு 8 பாகை. ஜூஸ் டிரிங்கில் எழுதியிருப்பவை: தண்ணீர், செறிவிலிருந்து ஆப்பிள் சாறு, மாம்பழக் கூழ், சர்க்கரை, சிட்ரிக் அமிலம், பொட்டாசியம் சார்பேட், சுக்ராலோஸ். சர்க்கரை 100 மில்லிலிட்டருக்கு 4.8 கிராம்.

ரசாயனி

இரண்டாவது குடுவைக்கான விடை நீங்கள் எழுதிய பட்டியலிலேயே இருக்கிறது. பொட்டாசியம் சார்பேட், அதாவது ஈ202 என்ற எண்ணுள்ள பதப்பொருள், ஈஸ்டைக் கொல்வதில்லை, பெருகவிடாமல் தடுக்கிறது. நாம் தூவும் ஈஸ்ட் ஒரு விதை போன்றதுதான். அது முதல் ஓரிரு நாட்களில் பல மடங்கு பெருகினால்தான் நான்கு லிட்டர் சாற்றை நொதிக்க வைக்க முடியும். பதநீர் கள்ளாகாமல் இருக்கக் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுவார்கள் அல்லவா, அந்த வேலையைத்தான் இங்கே சார்பேட் செய்கிறது. வேதியியல் வேறு, நோக்கம் ஒன்று. சோடியம் பென்சோயேட் (ஈ211) இருந்தாலும் இதே கதைதான். அஸ்கார்பிக் அமிலம், அதாவது வைட்டமின் சி, இருந்தால் கவலையில்லை. அது சாறு கறுக்காமலிருக்கச் சேர்க்கப்படுவது, ஈஸ்டைத் தொந்தரவு செய்யாது. பாஸ்சரைஸ் செய்யப்பட்டிருந்தாலும் பாதகமில்லை.

இன்னொரு பொட்டலம் ஈஸ்ட் போடுவது வீண் செலவு. சிலர் பெரிய அளவில் ஈஸ்டை முன்கூட்டியே வளர்த்து ஊற்றிச் சார்பேட்டை மீறப் பார்ப்பதுண்டு. அது வெற்றி பெற்றால்கூடப் பின்னர் லாக்டிக் பாக்டீரியா புகுந்து சார்பேட்டைச் சிதைத்துவிட்டால், ஜெரேனியம் இலையைக் கசக்கியது போன்ற வாடை வரும். அதைப் போக்க வழியே கிடையாது. தவிர, 4.8 கிராம் சர்க்கரையில் என்ன கிடைத்துவிடும்? ஒரு விழுக்காடு ஆல்கஹாலுக்கு லிட்டருக்கு ஏறத்தாழ 17 கிராம் சர்க்கரை தேவை. உங்கள் ஆப்பிள் சாறு அந்தக் கணக்கில் 6 விழுக்காட்டைத் தொடும். இந்த மாம்பழ பானம் 3 விழுக்காட்டைக்கூடத் தொடாது, மிஞ்சுவது சுக்ராலோஸின் தித்திப்பு மட்டுமே. கொட்டிவிடுங்கள். அடுத்த முறை, முகப்பில் ‘ஜூஸ்’ என்று மட்டும் இருப்பதை எடுங்கள். ‘ஜூஸ் டிரிங்க்’ என்றிருந்தால் அது முழுச் சாறு அல்ல.

வண்டல்

முதல் குடுவைக்கு வருவோம். உங்கள் ரிஃப்ராக்டோமீட்டர் பழுதாகவில்லை, ஆனால் அது காட்டும் எண்ணை நீங்கள் படித்த விதம் தவறு. அந்தக் கருவி, ஒளி எவ்வளவு வளைகிறது என்பதைப் பார்த்துச் சர்க்கரையைக் கணிக்கிறது. தொடக்கத்தில் சாற்றில் சர்க்கரை மட்டும் இருந்ததால் 11.9 என்பது சரி. இப்போது ஆல்கஹாலும் கலந்திருக்கிறது. ஆல்கஹால் தண்ணீரைவிட அதிகமாக ஒளியை வளைப்பதால், இல்லாத சர்க்கரையை இருப்பதாகக் கருவி காட்டும். முழுக்க நொதித்து முடிந்த சைடரே இதில் ஏறத்தாழ 4 பிரிக்ஸ் காட்டும், அதாவது தொடக்க அளவில் மூன்றில் ஒரு பங்கு. பூஜ்யத்துக்கு இறங்கும் என்று காத்திருந்தால் காலமெல்லாம் காத்திருக்க வேண்டியதுதான். 11.9இலிருந்து 5.6 என்பதைத் திருத்திக் கணக்கிட்டால் உண்மையான அடர்த்தி 1.006க்கும் 1.010க்கும் இடையே வரும். 1.022 அல்ல.

ஆகவே உங்கள் குடுவை பாதியில் நிற்கவில்லை, கடைசிப் படிக்கட்டில் குளிரால் விறைத்து உட்கார்ந்திருக்கிறது. 8 பாகையில் பெரும்பாலான ஈஸ்ட் வகைகள் ஏறத்தாழ உறங்கிவிடும். வீட்டுக்குள் 18 முதல் 20 பாகை உள்ள இடத்துக்குக் கொண்டுவாருங்கள். பனிக்காலத்தில் இட்லி மாவை எங்கே வைத்துப் பொங்க வைக்கிறீர்களோ, அதே இடம் இதற்கும் பொருந்தும். அடியில் படிந்த ஈஸ்ட் மேலெழும்படி குடுவையை மெதுவாக ஒரு சுற்றுச் சுழற்றுங்கள். காற்றுப் புகும்படி குலுக்க வேண்டாம். ஒரு ஹைட்ரோமீட்டரும் வாங்கிவிடுங்கள், அதற்குப் பெரிய விலையில்லை.

ஆப்பிள் தோட்டம்

முட்டை வாடையை யாரும் தொடவில்லையே! அது ஹைட்ரஜன் சல்ஃபைடு. ஆப்பிள் சாற்றில் இயல்பாகவே நைட்ரஜன் சத்து குறைவு, அது போதாதபோது ஈஸ்ட் இந்த வாடையை விடும். சாற்றை ஊற்றும் நாளிலேயே ஈஸ்ட் சத்து, அதாவது டைஅமோனியம் பாஸ்பேட் கலந்த பொடி, சேர்த்திருந்தால் பெரும்பாலும் வந்திருக்காது. இப்போதும் சிட்டிகை அளவு சேர்த்துப் பார்க்கலாம் தம்பி. பயப்பட வேண்டாம், பெரும்பாலும் தானாகவே மறைந்துவிடும்.

வண்டல்

இந்த ஒன்றில் மட்டும் மாறுபடுகிறேன் அம்மா. சர்க்கரை பெரும்பாலும் தீர்ந்த பிறகு ஈஸ்ட் அந்தச் சத்தை அவ்வளவாக எடுத்துக்கொள்ளாது. மிஞ்சுவது பின்னால் வரும் வேண்டாத நுண்ணுயிர்களுக்குத்தான் உணவாகும். சூடு கிடைத்து மீண்டும் வாயு கிளம்பும்போது, வாடையையும் அது தன்னோடு இழுத்துச் சென்றுவிடும்.

கோவைவாசி

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். வீட்டில் தயாரித்தால் மெத்தனால் உருவாகிக் கண் போய்விடும் என்கிறார்களே? மேலும், இதை இங்கே நாங்கள் செய்து பார்க்கலாமா?

ரசாயனி

பழத்தில் உள்ள பெக்டின் என்ற நார்ப்பொருளிலிருந்து சிறிதளவு மெத்தனால் எந்தப் பழமதுவிலும் உருவாகும். சைடரில் அது தீங்கு செய்யும் அளவை எட்டுவதில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் உயிர்களைக் குடித்தது நொதித்தலில் உருவான மெத்தனால் அல்ல, சாராயத்தில் கலக்கப்பட்ட மெத்தனால். காய்ச்சி வடிப்பது வேறு வேலை. உரிமமின்றி அதைச் செய்வது இங்கிலாந்திலும் குற்றம். சொந்தப் பயன்பாட்டுக்காக, விற்காமல், சைடர் நொதிக்க வைப்பதற்கு இங்கே தடையில்லை. தமிழ்நாட்டிலோ 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி உரிமமின்றி மது தயாரிப்பதே குற்றம் என்பதால், தாங்கள் படிப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

லீட்ஸ் குடுவை

ஹைட்ரோமீட்டர் வந்துவிட்டது. குடுவையைச் சமையலறையில் பாய்லர் இருக்கும் அலமாரிக்கு மாற்றி இரண்டு நாட்களாகின்றன. அங்கே 19 பாகை. அளந்தபோது முதலில் 1.011 காட்டியது, ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் 1.008. எதை நம்புவது?

வண்டல்

இரண்டையும் நம்ப வேண்டாம். மாதிரியில் கரைந்திருக்கும் வாயு, குமிழிகளாகக் கருவியின் மேல் ஒட்டிக்கொண்டு அதைத் தூக்கிவிடுகிறது. அதனால் எண் கூடுதலாகத் தெரியும். மாதிரியை இரண்டு டம்ளர்களுக்கு இடையே, காப்பி ஆற்றுவது போலப் பத்துப் பன்னிரண்டு முறை ஆற்றுங்கள். நுரை அடங்கிய பிறகு ஊற்றி, கருவியை விரலால் ஒரு சுழற்றுச் சுழற்றிவிட்டு, நீர்மட்டத்துக்குக் கண்ணை இறக்கிப் படியுங்கள். ஆற்றிய மாதிரியைக் குடுவையில் திரும்ப ஊற்றாதீர்கள். அதில் காற்று ஏறியிருக்கும். குடித்துப் பாருங்கள்.

லீட்ஸ் குடுவை

ஆற்றிய பிறகு 1.007. தாங்கள் சொன்ன எல்லைக்குள்ளேயே இருக்கிறது. ஏர்லாக்கும் இப்போது நிமிடத்துக்கு நான்கு குமிழி விடுகிறது. ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி: சனிக்கிழமை அடைத்திருந்தால் உண்மையில் என்ன ஆகியிருக்கும்?

ரசாயனி

கணக்கு எளிது. அடர்த்தி ஒரு புள்ளி, அதாவது 0.001, இறங்கினால் சைடரின் கன அளவில் ஏறத்தாழ பாதி அளவு கரியமில வாயு உருவாகும். 1.007இலிருந்து, சர்க்கரை முழுதும் தீரும் 0.999 வரை எட்டுப் புள்ளிகள், ஆக நான்கு மடங்கு. தாங்கள் சேர்ப்பதாக இருந்த 7 கிராம் சர்க்கரை ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்கு தரும். ஏற்கெனவே கரைந்திருப்பது முக்கால் மடங்குக்கு மேல். மொத்தம் ஆறரை மடங்கு. பீர் புட்டிகளில் வழக்கமாக இருப்பது இரண்டரை மடங்கு. தடித்த ஷாம்பெயின் புட்டிகளில்கூட வழக்கமாக இருப்பது ஆறு மடங்கை ஒட்டித்தான். தாங்கள் சொன்ன கம்பி மூடிப் புட்டி, அதிலும் அலங்காரத்துக்காக விற்கப்படுவதாக இருந்தால், அலமாரிக்குள் வெடித்திருக்கும். கண்ணாடித் துண்டுகள் கதவையும் துளைத்திருக்கும். தாங்கள் நம்பியது போல 1.022 என்பதே உண்மையாக இருந்திருந்தால் நிலைமை இதைவிட மோசம்.

மூன்று நாள் இடைவெளியில் இரண்டு முறை அளந்து, எண் சிறிதும் அசையாமலிருந்தால் மட்டுமே அடைக்கலாம். ஏர்லாக் குமிழியை வைத்து முடிவெடுக்க வேண்டாம். ரப்பர் அடைப்பான் சற்றே தளர்ந்திருந்தாலும் குமிழி நின்றுவிடும், வெயில் பட்டு அறை சூடானாலும் கரைந்த வாயு வெளிவந்து குமிழி விடும்.

ஆப்பிள் தோட்டம்

முதல் முறை கண்ணாடியே வேண்டாம் தம்பி. சோடா வரும் பிளாஸ்டிக் புட்டிகளைக் கழுவி, கிருமி நீக்கி வைத்துக்கொள்ளுங்கள். கையால் அழுத்திப் பார்த்தே உள்ளே எவ்வளவு வாயு சேர்ந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

லீட்ஸ் குடுவை

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். அலமாரிக்கு மாற்றிய 11ஆம் நாள் 0.999, 14ஆம் நாளும் 0.999. ரிஃப்ராக்டோமீட்டரில் ஆர்வத்துக்காகப் பார்த்தேன்: 4.4 பிரிக்ஸ்! கணக்குப்படி ஆல்கஹால் 6.4 விழுக்காடு. முட்டை வாடை முதல் வாரத்திலேயே போய்விட்டது, சத்துப் பொடி எதுவும் சேர்க்கவில்லை. வண்டலை விட்டு மேல்தெளிவைக் குழாயால் இறுத்தபோது 3.6 லிட்டர் கிடைத்தது; 25 கிராம் சர்க்கரையைக் கொதிநீரில் கரைத்து ஆறவிட்டுக் கலந்து, அரை லிட்டர் பிளாஸ்டிக் புட்டிகள் ஏழில் அடைத்தேன். ஒன்பது நாளில் கல்லுப் போல இறுகிவிட்டன. இப்போது எல்லாம் குளிர்பெட்டியில் இருக்கின்றன.

வாயு நன்றாக இருக்கிறது, நிறமும் தெளிவு. ஆனால் சுவை சற்றே வெறுமையாக, புளிப்புத் தண்ணீர் போல இருக்கிறது. பழுதா, அல்லது இப்படித்தானா?

ஆப்பிள் தோட்டம்

பழுதல்ல. கடைச் சாறு தின்னும் ஆப்பிள்களிலிருந்து வருவது. அவற்றில் துவர்ப்பு மிகக் குறைவு. எங்கள் ஹெர்ஃபோர்ட்ஷையர் பக்கம் சைடருக்கென்றே வளர்க்கும் டேபினெட், கிங்ஸ்டன் பிளாக் போன்ற பழங்களைக் கடித்தால் வாய் நெல்லிக்காய் தின்றது போல இழுக்கும், அந்தத் துவர்ப்பைத் தரும் டானின்தான் சைடருக்கு உடம்பு கொடுப்பது. கடைச் சாற்றுக்கு அந்தக் குறையை நீக்க எளிய வழி, பால் சேர்க்காத தேநீர். இரண்டு தேநீர்ப் பைகளை அரைக் கோப்பைக் கொதிநீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, நன்றாக ஆறிய பின், ஈஸ்ட் தூவும் நாளிலேயே குடுவையில் ஊற்றிவிடுங்கள். இப்போதிருக்கும் புட்டிகளில் இரண்டையாவது தொடாமல் இரண்டு மாதம் குளிரில் விட்டுவையுங்கள். புளிப்பின் கூர்மை தணிந்துவிடும்.

லீட்ஸ் குடுவை

நன்றி அக்கா. காலியான இரண்டாவது குடுவையில் தேநீரும் சத்துப் பொடியும் சேர்த்து, நேற்றே சாறு ஊற்றிவிட்டேன். இந்த முறை பாய்லர் அலமாரியில்தான். தொடக்க அளவு 1.047, ஹைட்ரோமீட்டரில்.