பாறையில் அப்பிய லைக்கன்: நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்

கோத்தகிரியிலிருந்து:
தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே கிடக்கும் பெரிய பாறைகளில் சாம்பலும் வெள்ளையுமாகத் திட்டுகள் இருக்கும். சுண்ணாம்பு சிந்திய கறை என்றுதான் பலரும் கடந்து போகிறார்கள். அது உயிருள்ளது. பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் லைக்கன். பிரியாணிக்குப் போடுகிறோமே கல்பாசி, அதுவும் லைக்கன்தான். ஆனால் கல்பாசிக்கு ஓரம் தூக்கி நிற்கும், உரித்து எடுக்கலாம். பாறைத் திட்டை நகத்தால் நெம்பினாலும் வராது. பூஞ்சை இழைகள் கல்லின் மணிகளுக்கு இடையே இறங்கியிருக்கும்; கல்லோடு பெயர்த்தால்தான் உண்டு.

மார்ச் வெயிலில் காய்ந்து கிடந்த ஒரு திட்டின் மேல் பாட்டில் தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றினேன். கண்ணெதிரே சாம்பல் நிறம் பச்சையானது! நனைந்ததும் மேல்தோல் வழியே வெளிச்சம் புகுந்து, உள்ளே இருக்கும் பாசி தெரிகிறது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் கடுகைவிடச் சின்னக் கருப்புத் தட்டுகள், சுற்றிலும் வெள்ளை விளிம்பு. பூஞ்சையின் வித்துகள் உருவாவது அந்தத் தட்டுகளில்தான். தண்ணீர் ஊற்றிப் பார்க்காமல் யாரும் மலை இறங்காதீர்கள்.

தாண்டிக்குடியிலிருந்து:
எங்கள் பக்கம் கற்திட்டைகள் இருக்கின்றன, பலகைக் கற்களை நிறுத்தி மேலே ஒரு மூடுகல் வைத்த ஈமச்சின்னங்கள், பெருங்கற்காலத்தவை. மூடுகல்லெல்லாம் இந்தத் திட்டுதான். ஒருமுறை சில இளைஞர்கள் கம்பி பிரஷ்ஷால் ஒரு கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். நல்ல எண்ணம்தான், சுத்தம் செய்கிறார்களாம். திட்டோடு கல்லின் மேற்பரப்பும் தூளாக உதிர்ந்தது. தம்பிகளா, விடுங்கள் என்று கெஞ்சித்தான் நிறுத்தினேன். இன்னும் மனசு ஆறவில்லை.

குன்னூரிலிருந்து:
அக்கா, அது எவ்வளவு பெரிய இழப்பு தெரியுமா? ஆல்ப்ஸ் மலையில் ரைசோகார்பன் ஜியோகிராபிகம் என்று ஒரு வகை உண்டு. மஞ்சள் கலந்த பச்சை, ஓரத்தில் கருப்புக் கோடு. பாறையில் வரைபடம் விரித்தாற்போல இருக்கும். வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வளராது. பனியாறு பின்வாங்கிய பிறகு பாறைகள் எத்தனை காலமாக வெளியே கிடக்கின்றன என்பதை, அதன் அகலத்தை அளந்தே 1950களில் ரோலண்ட் பெஷல் என்ற ஆஸ்திரியத் தாவரவியலாளர் மதிப்பிட்டார். அந்தக் கணக்கை அப்படியே நம் மலைக்குப் போட முடியாது, மழையும் குளிரும் வேறு. இங்கேயே அளந்தால்தான் தெரியும்.

கோத்தகிரியிலிருந்து:
சரி, அளப்போம். அக்கா, மிச்சமிருக்கும் கற்களில் ஒரு திட்டைத் தேர்ந்தெடுத்து, பக்கத்தில் ஸ்கேல் வைத்து நேர் மேலிருந்து படம் எடுங்கள். அடுத்த வருஷமும் அதே திட்டு, அதே ஸ்கேல். இங்கே நானும் எடுக்கிறேன்.