கலைச்சொல் உதவி: வால்வு ஹெட்போன் ஆம்ப்ளிஃபையரைத் தமிழில் எப்படிச் சொல்வது?

அன்புள்ள குழுவினருக்கு,

வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும். பாலிடெக்னிக் மாணவர்களுக்கு வார இறுதி வகுப்பு எடுக்கிறேன். இத்தனை நாளாக என்னிடம் இருந்தது பாட்டில்ஹெட் நிறுவனத்தின் 'கிராக்' என்ற ஹெட்போன் ஆம்ப்ளிஃபையர் கிட். நானே உட்கார்ந்து சால்டர் வைத்தது. இப்போது நண்பர் ஒருவர் கையால் செய்து தந்த புதிய செட்டுக்கு மாறியிருக்கிறேன். அதே 12ஏயூ7, அதே 6080 வால்வுகள் (வெற்றிடக் கண்ணாடிக் குழாய்கள்). ஆனால் பழையதில் வெறும் மின்தடை இருந்த இடத்தில் இதில் மாறா மின்னோட்டச் சுற்று இருக்கிறது. இரண்டையும் திறந்து காட்டித்தான் பாடம்.

கையேட்டில் 'வெற்றிடக் குழாய் ஒலிபெருக்கி' என்று எழுதியிருந்தேன். ஒரு மாணவி படித்துவிட்டு, "கோயில் திருவிழாவுக்குக் கட்டுற குழாயா சார்?" என்று கேட்டாள். அவள் கேட்டதில் தவறே இல்லை.
— ப.

ப. அவர்களுக்கு,

முதலில் 'ஒலி'யை எடுத்துவிடுங்கள். ஒலிபெருக்கி என்றால் மக்களுக்கு ஸ்பீக்கர்தான். பாடநூல்களில் டிரான்சிஸ்டர் பெருக்கி என்று இருக்கிறது, அதுபோல வெறும் 'பெருக்கி' போதும். இன்னொன்று, உங்கள் 6080 மின்னழுத்தத்தைப் பெருக்குவதே இல்லை. அந்த வேலை 12ஏயூ7-உடையது. 6080 ஹெட்போனுக்கு வேண்டிய மின்னோட்டத்தைத் தருகிறது, அவ்வளவுதான். மின்வழங்கியைச் சீராக்கப் பிறந்த வால்வு அது. எனவே அந்தப் பகுதியை 'உந்தி' எனலாமா என்று யோசிக்கிறேன்.
— கு.

கு. ஐயா, உந்தி என்றால் தொப்புள். விட்டுவிடுவோம்.

'வால்வு' என்ற பெயர் வந்த வழியைப் பாருங்கள். 1904-இல் இங்கிலாந்து இயற்பியலாளர் பிளெமிங் செய்த கருவி மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விட்டது, அதனால்தான் வால்வு. நமக்கு 'அதர்' என்ற சங்கச் சொல் இருக்கிறது, பொருள் வழி. ஓர் + அதர் = ஓரதர். இதய வால்வுக்கும் தண்ணீர்க் குழாய் வால்வுக்கும் இதே சொல் பொருந்தும். ஆறு, நெறி, அதர் மூன்றுமே வழிதான் என்றாலும், எனக்கு அதர் என்றதும் கல்லும் முள்ளுமான காட்டுத்தடம் கண்ணில் வருகிறது. மாட்டை விட்டுக் கதிர் மிதிப்பதை 'அதரி திரித்தல்' என்பார்கள். மாடு ஒரே தடத்தில் சுற்றுவதால் வந்த சொல்லோ என்று எனக்கு நெடுநாளாக ஓர் எண்ணம். 'ஓரதர்ப் பெருக்கி' என்றே போடுங்கள்.
— செ.

செ. ஐயா, அதரியை இன்னொரு இழையில் பேசுவோம், எனக்கும் ஆசைதான். ஆனால் ஓரதர் இங்கே பிளெமிங் செய்த அந்த ஒருவழி வால்வுக்கு, அதாவது டையோடுக்கு, மட்டுமே பொருந்தும். 1906-இல் அமெரிக்கர் டி ஃபாரஸ்ட் நடுவில் கிரிட் என்ற கம்பி வலையை வைத்த பிறகுதான் பெருக்கம் என்பதே வந்தது. ஒருவழிப் போக்கைச் சொல்லிவிட்டு கிரிட்டை மறைக்கும் சொல் பெருக்கிக்கு எப்படி ஆகும்?

நான் ரேடியோ மெக்கானிக் மகன். "வால்வு சூடாகட்டும், அப்புறம் பாடும்" என்று அப்பா சொல்லிக் கேட்டே வளர்ந்தேன். அது தமிழ்ச் சொல் இல்லை என்று அன்று யாரும் சொல்லவில்லை. காலத்துக்கு ஒத்த சொல்லை விலக்க வேண்டாம் என்று தொல்காப்பியமே இடம் தருகிறதே.
— வே.

ஒரே ஒரு வரி: குழாய் வேண்டாம் என்றால் 'குழல்' இருக்கிறது. குழல்விளக்கு என்று ஏற்கெனவே எல்லோரும் எழுதுகிறோம். 'குழல் பெருக்கி' சின்னதாக, வாய்க்கு வசதியாக இருக்கிறது. ஹெட்போனுக்கு 'கேட்பி' என்று போட்டுவிடாதீர்கள் ப. சார், 'கேட்பிப் பெருக்கி' என்றால் காது கேளாதோர் கருவி என்று நினைப்பார்கள்.
— ந.

ந. அம்மா, குழல் எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் கையேட்டின் மூன்றாம் பக்கத்தில் இப்படி ஒரு வரி இருக்கிறது: 'பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்தேக்கியில் 100 வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம். அளந்து பார்க்காமல் வால்வின் அடியில் கை வைக்காதே.' இந்த இடத்தில் பையன் ஒரு நொடிகூடச் சொல்லுக்குப் பொருள் தேடி நிற்கக் கூடாது. கு. ஐயா, வே., ந. மூவரும் தனிமடலில் சம்மதம் சொல்லிவிட்டார்கள். அட்டையில் ஒருமுறை 'வெற்றிடக் குழல்'. உள்ளே எல்லா இடத்திலும் 'வால்வு ஹெட்போன் பெருக்கி'. அச்சுக்குக் கொடுத்துவிட்டேன்.
— ப.

சரி, இந்தக் கையேட்டுக்கு வால்வு இருக்கட்டும். எனக்குச் சம்மதம் இல்லை என்பதையும் பதிவு செய்கிறேன். பழைய ரேடியோவில் ஏசியை டிசியாக்கும் வால்வைப் பற்றி நீங்கள் பாடம் எழுதும்போது ஓரதரோடு திரும்பி வருவேன். அப்புறம், கையேட்டின் தலைப்பில் 'மேம்படுத்தல்' என்று போட்டிருக்கிறீர்கள். பழைய பெட்டியை அப்படியே வைத்துவிட்டு வேறொரு பெட்டிக்குப் போனால் அது மேம்படுத்தலா, மாற்றமா?
— செ.